ஒரு மதகுக்கு மூன்று அடிக்கல்

சட்டமன்றத்தில் என் இருக்கை கடைசி வரிசையில் இருந்தது. ஏ.சி.யின் வாய் நேராக என் பிடரியைப் பார்த்துத் திறந்திருக்கும். ஒரு முழுப் பதவிக்காலத்தில் நான் அங்கே ஆற்றிய தொண்டில் பெரும்பகுதி தும்மல். தும்மலை அவைக் குறிப்பில் ஏற்றும் வழக்கம் இல்லாததால், நான் ஒன்றுமே செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்போது நான் முன்னாள். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, சாப்பிட மூன்றாம் பந்திக்கு அனுப்புவார்கள். அங்கே பக்கத்து இலைக்காரர் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்பார்: "மெட்ராசுல என்னதான் பேசினிய அண்ணாச்சி?" ஒரு பகுதி இன்னொரு மாநிலத்தோடு இணையும்போது சட்டங்கள் எப்படி இணைய வேண்டும், அரசுப் பணத்தை எந்த மாதத்தில் செலவழிக்க வேண்டும் என்று எனக்குச் சில கருத்துகள் உண்டு. அதை ஆரம்பிப்பேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் பாயசம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. பாயசம் நிச்சயமாக வரும். நான் சொல்வது வருமா என்பது எனக்கே தெரியாது.

இந்தக் கருத்துகளை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. நாகர்கோவிலுக்குத் தெற்கே இராஜாக்கமங்கலம் போகிற வழியில், ஒரு கால்வாய் கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சின்ன மதகில் நின்றுதான் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன். இரண்டு கருங்கல் தூண்கள். தூண்களில் பலகை இறக்குவதற்காக எதிரெதிரே வெட்டிய பள்ளம். பலகையை இறக்கினால் தண்ணீர் தேங்கி, மட்டம் உயர்ந்து, பக்கத்து மடை வழியாக வயலுக்குள் ஏறும். பலகை இல்லாவிட்டால் தண்ணீர் வயலை எட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். பழைய மரப்பலகை உளுத்துப் போனது. பிறகு வைத்த இரும்பு ஷட்டரை உப்புக்காற்று தின்றது. நான் உறுப்பினரான நேரத்தில் மிஞ்சியிருந்தவை அந்த இரண்டு தூண்கள் மட்டும். அவையும் ஒன்றன்மேல் ஒன்று சாயலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

அந்த மதகுக்குக் கீழே கடைசி வயல் என் பள்ளித் தோழனுடையது. ஒரே பெஞ்சில் இருந்தோம். கணக்குப் பரீட்சையில் அவனைப் பார்த்து நான் எழுதுவேன், இருவரும் சேர்ந்து தோற்போம். பிற்பாடு அவன் வளைகுடாவுக்குப் போய் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். வாலிபத்தையெல்லாம் பாலைவனத்தில் குளிர்காற்று உண்டாக்குவதில் கழித்துவிட்டு ஊருக்கு வந்து நெல் போட்டான். சுற்றிலும் வயல்கள் மண்ணடிக்கப்பட்டு, கலர்க் கொடி நட்டு, பிளாட்டாகிக் கொண்டிருந்தன. அவன் மட்டும் சேற்றில் நின்றான். ஊரில் அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பேச்சு.

எங்கள் நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கு இரண்டு போகம். புரட்டாசியாகிய கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ, மாசியாகிய கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூவுக்கு வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை கைகொடுக்கும். கும்பப்பூவுக்கு, ஐப்பசியில் பெய்கிற துலாமழை ஓய்ந்த பிறகு கால்வாய்தான் கதி. கதிர் பிடிக்கிற தை மாதத்தில் அந்த மதகு தண்ணீரை நிறுத்தித் தர வேண்டும். தராததால் அவனுக்குக் கும்பப்பூ வருஷாவருஷம் பாதி பதராயிற்று.

நான் ஜெயித்த மறுவாரமே வந்தான். என் அலுவலகத்தில் ஆள் இருந்தால் வாசலிலிருந்தே, "மெம்பர் ஐயா இருக்கியளா?" என்பான். ஆள் போனதும் அது "ஏலே" ஆகிவிடும்.

"ஏலே, அந்த மதகை ஒண்ணு கெட்டித் தா. வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்கமாட்டேன்."

"இதுதானா? இந்த வருசமே முடிச்சிருவோம் மக்கா."

இந்த வாக்கியத்தைச் சொன்ன என் வாயைப் பிற்பாடு நான் கண்ணாடியில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு அனுமதி கிடைத்தது. அடிக்கல் நாட்டினோம். தோவாளையிலிருந்து ஆளுயர மாலை வந்தது. மயிலாடியில் செதுக்கிய கருங்கல்லில் என் பெயர், அதன் கீழே என் பதவி. மதகுக்குப் பக்கத்தில் செங்கல் பீடம் கட்டி அதை நிறுத்தினார்கள். நான் ஒரு சட்டி சிமெண்டைத் தொட்டுவிட்டுக் கை கழுவினேன். அத்துடன் கட்டுமானப் பணி முடிந்தது. பங்குனி கடைசியில், நிதியாண்டுக்குள் செலவாகாததால் பணம் லாப்ஸ் ஆயிற்று என்று செய்தி வந்தது.

எங்கள் பகுதிக் கால்வாய்களைக் கவனிக்கும் பொறியாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வடக்கே வேறொரு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முப்பது வயதிருக்கும். அதற்குள் ஓய்வு பெறப்போகிறவரின் பெருமூச்சு. அவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், கொஞ்சம் பாருங்க. ஏப்ரல், மே. கால்வாய் காய்ஞ்சு கிடக்கும். வேலை செய்யத் தோதான நேரம். அப்ப கையில பணம் இருக்காது. மானியக் கோரிக்கை உங்க அவையில நடந்துக்கிட்டிருக்கும்."

"ஆமா. நான் அங்கே கையைத் தூக்கிக்கிட்டிருப்பேன்."

"ஜூன்ல அணையைத் திறந்திடுவாங்க. ஜூலைல ஆணை வரும். டெண்டர் போட்டு ஒப்பந்தக்காரர் முடிவாக அக்டோபர். அப்ப ரெண்டாவது மழை. பிப்ரவரி கடைசில அணையை அடைப்பாங்க. மார்ச் முடியுறதுக்குள்ள பழசை இடிச்சு, கான்கிரீட் போட்டு, அது இறுகி, அளவெடுத்து, பில் போடணும். அந்த ஒரு மாசமும் வயல்ல அறுப்பு மெஷின் நிக்குது. கல்லு, மணல் ஏத்தின லாரி உள்ள போக வழியில்லை."

"மத்த மாவட்டத்துல மட்டும் எப்படி முடியுது?"

"அங்கயும் கஷ்டம்தான் சார். ஆனா அங்க முக்கியமா ஒரு மழை. 'பருவமழைக்கு முன்'னு ஆணையில எழுதியிருந்தா செப்டம்பருக்குள்ளன்னு அர்த்தம். இங்க செப்டம்பர்ல ஒரு மழை வந்துட்டே போயிருக்கும்."

காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினார். அது கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. சரிசெய்யவில்லை.

வண்டியில் திரும்பும்போது எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கால்வாய் வறண்டிருக்கும்போது பணம் வராது, பணம் வரும்போது கால்வாய் வறண்டிருக்காது. இதைக் கண்டுபிடிக்கத்தான் மக்கள் எனக்கு வாக்களித்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு இது கொஞ்சம் செலவுதான்.

அடுத்த வருஷம் புது அனுமதி. புது அனுமதிக்குப் புது விழா, புதுக் கல். பழைய கல்லைத் துடைத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். கட்சிக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முதல் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டாவதை நட்டோம். இந்தக் கல்லுக்கும் பீடத்துக்கும் பந்தலுக்கும் அரசு பணம் தராது. உறுப்பினர் தலையில்தான் விழும். விழுந்தது. பங்குனியில் பணம் மறுபடி லாப்ஸ்.

ஊர்க்காரர்களே ஒரு நல்ல பலகை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் தோழனிடம் கேட்டேன். மெலிந்த பலகையைத் துலாமழை அடித்துக்கொண்டு போய்விட்டது, தூணோடு தூணாக நிற்கிற கனத்த பலகைக்கு நாலைந்து பேர் சேர வேண்டும் என்றான். "எல்லாருக்கிட்டயும் கேட்டாச்சு. 'அதான் கவர்மெண்டு சாங்ஷன் ஆயிருக்கே, கல்லு நட்டிருக்கே, நாம எதுக்குக் கைக்காசு போடணும்'ணு சொல்லுகான். உனக்க கல்லைக் காட்டுகான்லே!"

பொதுச் செலவைப் பற்றி என் முதல் கருத்து இதிலிருந்து பிறந்தது. செலவாகாத பணம் சும்மா கிடக்காது. வருகிறது, வருகிறது என்று சொல்லி ஊராரின் கையைக் கட்டிப்போடும்.

அந்த வருஷம் ஆவணியில் தோழன் மறுபடி வந்தான். அன்று 'மெம்பர் ஐயா' இல்லை, 'ஏலே'யும் இல்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பையன் பேசினான்" என்றான். அவன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். "வயலை மண்ணடிச்சு பிளாட்டு போட ஆளு ரெடியா இருக்காம். 'நீங்க எத்தனை வருசம்தான் பதரை அறுப்பிய'ன்னு கேக்கான்."

"நீ என்ன சொன்னே?"

"இந்தக் கும்பப்பூ மட்டும் பாத்துருவோம்னு சொன்னேன். இதுவும் கருகிச்சுன்னா கையெழுத்துப் போட்டுத் தாறேன்னு வாக்குக் குடுத்தாச்சு."

பிறகு அவனே ஆரம்பித்தான்: "ராஜா காலத்துல இப்படியா இருந்துது? மேட மாசத்து வெயில் வந்தா கால்வாயெல்லாம் பளிச்சுன்னு வெட்டிப் போட்டிருவான்னு சொல்லுவாவ."

"ராஜா காலத்துல உனக்கு ஓட்டு கிடையாதுலே. இப்படி நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்க முன்னால இருக்க முடியுமா?"

"ஓட்டு இருந்து எதைக் கண்டேன்? உன்னையல்லா கண்டேன்!"

இதற்குப் பதில் சொல்ல அவையில் எனக்குக் கொடுத்ததைவிட அதிக நேரம் வேண்டும்.

அந்த அவை நேரமும் அந்த வருஷமே வாய்த்தது. வழக்கொழிந்த பழைய சட்டங்களைக் கூட்டிப் பெருக்கி நீக்குகிற ஒரு மசோதா வந்தது. எங்கள் மாவட்டம் பக்கத்திலிருந்த பழைய ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது உடன் கொண்டுவந்த சட்டங்கள் சிலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. புகுந்த வீட்டுக்கு வருகிற பெண் கொண்டுவந்த பாத்திரங்கள்போல, சில அடுக்களையில் புழங்குகின்றன, சில பரணில் கிடக்கின்றன. பரணைச் சுத்தம் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. அடுக்களையைப் பற்றித்தான் பேச நினைத்தேன்.

நான் பிறப்பதற்கு முன்பே இணைப்பு நடந்துவிட்டது. அது நல்ல காரியம் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் இணைப்பு கையெழுத்திட்ட அன்றோடு முடிகிற காரியம் என்று நினைப்பதுதான் தொல்லை. இங்கிருந்த விதியை எடுத்துவிட்டு அங்கிருந்த விதியை நீட்டும்போது, 'இந்தப் பகுதிக்கும் இது பொருந்தும்' என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த விதி எந்த மழையை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்பார் இல்லை. சட்டம் இணைந்துவிட்டது, மழை இணையவில்லை. ஆகவே, அறுப்புக்கும் அணை திறப்புக்கும் நடுவே வேலை செய்ய முடிகிற இரண்டு மாதங்களுக்கு மட்டும், எங்கள் மாவட்டக் கால்வாய்ப் பணத்தை மார்ச் கடைசியில் சாகவிடாமல் மே கடைசி வரை உயிரோடு வையுங்கள். புதுப் பணம் வேண்டாம், கொடுத்த பணத்துக்கு மூச்சு விட நேரம் கொடுத்தால் போதும். இதுதான் நான் எழுதிக்கொண்டு போனது. ரயிலில் மேல்படுக்கையில் குப்புறப் படுத்து எழுதியதால் எழுத்து கொஞ்சம் சாய்வாக இருந்தது. கருத்து நேராகத்தான் இருந்தது.

எனக்கு நான்கு நிமிஷம் கொடுத்தார்கள். அவையில் ஒரு மரபு உண்டு. பேச வாய்ப்பளித்த தலைமைக்கு நன்றி, பேரவைத் தலைவருக்கு நன்றி, மாவட்டப் பொறுப்பாளருக்கு நன்றி, வாக்களித்த மக்களுக்கு நன்றி. இதில் ஒன்றை விட்டால் ஊருக்குத் திரும்பும்போது ரயில் நிலையத்துக்குக் கார் வராது. நான் எதையும் விடவில்லை. இடையில் ஒரு தும்மல் வேறு. நன்றி முடிந்து, "எங்கள் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழை" என்று கருத்தின் வாசலில் கால் வைத்தேன். மணி அடித்தது.

பக்கத்து இருக்கைக்காரர் ஆற்றங்கரை மாவட்டத்துக்காரர். என் பேச்சை முழுக்கக் கேட்ட ஒரே ஆள். நான் உட்கார்ந்ததும் குனிந்து கேட்டார்: "உங்க பக்கம் ரெண்டு மழையாண்ணே?"

"ஆமாம்."

"கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுதி வைத்திருந்த மீதியை மனுவாகக் கொடுத்தேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அந்தச் சொல்லில் குறை சொல்ல முடியாது, அது இன்றுவரை பொய்யாகவில்லை. ஊருக்கு வந்தால், நான் மாவட்டத்தை மறுபடி பழைய ராஜ்யத்தோடு சேர்க்கப் பேசியதாக டீக்கடையில் ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு டீக்கடையில் நான் பேசவே இல்லை என்று செய்தி. இரண்டாவது கடைக்கே டீ குடிக்கப் போனேன். உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

ஐப்பசியில் மூன்றாவது அனுமதி வந்தது. மூன்றாவது கல். வெட்கத்தில், விழாவே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். தோழன் வந்தான்.

"மக்கா, கல்லு போடுகியா இந்தத் தடவையும்?"

"போடல்ல. போதும். நீயே எத்தனை நாள்தான் சிரிப்பே?"

"இல்ல, போடு. கட்டாயம் போடணும்." பிறகு, பேச்சோடு பேச்சாக, "கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லு, கேட்டியா. முந்தினதைவிட ஒரு முழம் கூட" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "கனமும் கொஞ்சம் வேணும். மத்த ரெண்டும் நோஞ்சானா நிக்குது. பாக்கக் கொள்ளாது."

என்னைக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நல்ல யோசனைதானே. பேரு பெருசாத் தெரியும். வேற எதுல தெரியப் போவுது?" என்றாள். ஆக, அகலமான கல்லுக்கே சொன்னேன். மயிலாடிச் சிற்பிக்கு நானே அளவு சொல்லலாம் என்று போனால், அவர் கையில் ஏற்கெனவே அளவு இருந்தது. தோழன் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். என் புகழில் இவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கியது. இதை எழுதும்போதும் கலங்குகிறது, சிரிப்பில்.

விழா நடந்தது. மழைத் தூறலில் பந்தல் ஒழுகியது. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், அதில் பாதிப்பேர் மைக் செட்டுக்காரர்கள். பொறியாளர் அம்மா குடையோடு ஓரமாக நின்றார். நான் பேசும்போது, "இந்த முறை நிச்சயமாக" என்று ஆரம்பித்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்திருந்த எல்லாருக்கும் நன்றி" என்று முடித்துக்கொண்டேன். தோழன் மட்டும் பலமாகக் கைதட்டினான். அவன் கண் என்மேல் இல்லை, கல்மேல் இருந்தது.

துலாமழை அந்த வருஷம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. மார்கழியில் பனி. கால்வாயில் தண்ணீர் மெலிந்தது. தை பிறந்தபோது நான் அந்த வழியாகப் போவதைத் தவிர்த்தேன். இராஜாக்கமங்கலத்தில் கல்யாணம் என்றால் சுற்று வழியாகப் போனேன். காரணம் காரோட்டிக்கும் தெரியும். அது நெல் கதிர் பிடிக்கிற நேரம். தண்ணீர் ஏறாவிட்டால் தோழன் கையெழுத்துப் போட்டுவிடுவான். அடுத்த தடவை அங்கே போகும்போது கலர்க் கொடி நட்டிருப்பார்கள்.

ஒரு நாள் காலையில் பொறியாளர் அம்மா போன் செய்தார்.

"சார், மதகுல அடிக்கல்லைக் காணோம்."

"எது?"

"மூணுமே."

போய்ப் பார்த்தேன். மூன்று செங்கல் பீடங்களும் பல் விழுந்த ஈறுபோல நின்றன. பொறியாளர் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று மதகைக் காட்டினார்.

மூன்றாவது கல் மதகுத் தூண்களின் பள்ளத்தில், ஈர்க்குச்சி அளவு பிசகாமல், கச்சிதமாக இறங்கியிருந்தது. மேல்விளிம்பை அழகுக்காக வளைத்துச் செதுக்கியிருந்தோம். அந்த வளைவைச் சேற்றில் புதைத்து, நேரான அடிவிளிம்பை மேலே வைத்திருந்தான். அதனால் எழுத்தெல்லாம் தலைகீழ். என் பெயர் தண்ணீருக்குள் இருந்தது. அதன் கீழே எழுதியிருந்த 'சட்டமன்ற உறுப்பினர்' இப்போது மேலே வந்து, அலையில் நனைந்தும் நனையாமலும் நின்றது. மற்ற இரண்டு கற்களும் அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருந்தன. இடுக்குகளில் சேறு நிரப்பிய சாக்குமூட்டைகள். தண்ணீர் மட்டம் உயர்ந்து, பக்கத்து மடை வழியாக, அவசரமே இல்லாமல் வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

தோழன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மூட்டையை மிதித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே இது?" என்றேன்.

"மதகு."

"அது எனக்க கல்லுல்லா?"

"அடிக்கல்லுதானே? அடியில போட்டிருக்கேன். தப்பா?"

"பேரு தலைகீழா இருக்குலே."

"தண்ணி படிக்கவா போவுது?" மூட்டையை இன்னொரு மிதி மிதித்தான். "ஒரு கல்லு பத்தாது, ரெண்டும் பத்தாது. மூணாவதுக்காகத்தான் காத்துக் கிடந்தேன். நீ விழா வேண்டாம்னு சொன்னப்பம் எனக்கு உயிரே போச்சு, கேட்டியா."

பொறியாளர் அம்மா தொண்டையைச் செருமினார். "சார், இந்தக் கல்லெல்லாம் அரசு சொத்தா?"

"இல்லை. என் கைக்காசு."

"பீடம்?"

"அதுவும்."

"அப்ப நான் எதையும் பார்க்கலை" என்றார். திரும்பி இரண்டு அடி நடந்தவர் நின்று, தோழனைப் பார்த்து, "இடது பக்கம் கசியுது. இன்னும் ரெண்டு மூட்டை வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்தேன். இரண்டாவதில் முதுகு பிடித்துக்கொண்டது. "நீ கரையில நில்லு மக்கா, மெம்பர் தண்ணில நின்னா வெளங்காது" என்று தோழன் என்னைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். வரப்பில் உட்கார்ந்தேன். வயலின் கடைசி மூலைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தேன். அலுப்பாக இருந்தது. முதுகுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

கும்பப்பூ விளைந்தது. களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு தோழன் மகனுக்கு வீடியோ கால் போட்டான். மகன் குவியலைப் பார்த்துவிட்டு, "செரிப்பா, அடுத்த வருசம் பாப்போம்" என்றான். அவ்வளவுதான் ஜெயித்தது. ஒரு வருஷம். அந்தப் பங்குனியிலும் மதகுப் பணம் லாப்ஸ் ஆயிற்று. அணை அடைத்ததும் தோழன் கற்களை எடுத்துக் கழுவித் தென்னை மர மூட்டில் சாய்த்து வைத்தான். துலாமழை ஓய்ந்ததும் மறுபடி இறக்குவான். அந்தக் கற்களும் வருஷத்துக்கு வருஷம் சேற்றில் அரிபடுகின்றன. இரண்டாவது கல்லில் ஒரு விரிசல் விழுந்துவிட்டது.

அடுத்த தேர்தலில் கட்சி எனக்கு இடம் தரவில்லை. ஆளை மாற்றினால் காற்று மாறும் என்றார்கள். ஏ.சி. காற்று மாறவில்லை என்று கேள்வி. புது உறுப்பினர் இளையவர், பணிவானவர். சென்ற மாதம் அவராகவே என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசி மதகுக்கு இந்த வருசம் அனுமதி வந்திருக்கு. அடிக்கல் நாட்டணும். நீங்க அனுபவப்பட்டவிய, ஏதாவது சொல்லுங்க."

சட்டங்கள் எப்படி இணைய வேண்டும் என்று ஆரம்பித்தேன். இரண்டு மழை, மே மாதம் என்று வரும்போது அவர் கண் போனுக்குப் போய்விட்டது. நான் அந்த வயதில் எப்படி இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் போன் மட்டும் இல்லை.

"தம்பி, கல்லு கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்றேன். தோழன் முன்பே ஒடித்துத் தந்து, மேசையில் தயாராக இருந்த ஈர்க்குச்சியை எடுத்துக் கொடுத்தேன். "இந்த அளவு. கனமும் வேணும்."

முகம் மலர்ந்துவிட்டது. "பேரு பெருசாத் தெரியும், இல்லியா அண்ணாச்சி?"

"ஆமா தம்பி. நல்லாத் தெரியும்."

அவர் கார் தெருமுனை திரும்பியதும் தோழனுக்குப் போன் செய்தேன்.

"அளவு குடுத்தாச்சு மக்கா."

"மேல வளைவு வேண்டாம்னு சொன்னியா?"

சொல்ல மறந்துபோயிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து, அந்தக் காரைப் பிடிக்கப் போனேன்.